தங்கைக்குக் கல் இல்லை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடுகல் பார்க்க அருங்காட்சியகத்துக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. ஏரிக்கரையில் நிற்கும், புளியமரத்தடியில் நிற்கும், மாந்தோப்பின் ஓரத்தில் பாதி புதைந்து நிற்கும். பல ஊர்களில் அதற்கு வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கலிடுகிறார்கள். கல்லில் இருப்பவன் மாடு மீட்கப் போய்ச் செத்தவன், அல்லது ஊர் காக்கப் போய்ச் செத்தவன். கையில் வில்லோ வாளோ இருக்கும். உடம்பில் அம்பு தைத்திருக்கும். சில கற்களில் தேவமகளிர் இருபுறமும் நின்று அவனை மேலே அழைத்துச் செல்வார்கள். கர்நாடக எல்லையை ஒட்டிய பகுதியில் அவனோடு தீயில் இறங்கிய மனைவிக்கும் கல் உண்டு. வளையல் அணிந்த ஒரு கை உயர்ந்திருக்கும். மாஸ்திக்கல் என்பார்கள்.

பக்கத்து மாவட்டத்தில், செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது; ஏறத்தாழ 1,400 வருடத்துக்கு முந்தையது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்ததைச் சொல்லும் அந்தக் கல்லில் அவனுடைய நாயும் நிற்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து அவனருகே நின்றதாகக் கல்வெட்டு சொல்கிறது. முதன்முறை அதைப் படித்தபோது எனக்கு அந்த நாய்மேல் பிரியம் வந்தது. பிறகு கொஞ்சம் பொறாமையும் வந்தது.

வீரனுக்குக் கல் உண்டு. மனைவிக்கும் உண்டு, அவளும் செத்தால். நாய்க்கும் உண்டு. தாய்க்குக் கவிதை உண்டு. அவனோடு ஒரே பாயில் படுத்து, ஒரே சட்டியில் சோறு தின்று, அடித்துக்கொண்டு வளர்ந்த தங்கைக்கு என்ன இருக்கிறது? நான் இதைத் தேடத் தொடங்கியதற்குச் சொந்தக் காரணம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் 1990இல் மன்னார்க் கரையில் படகேறி, மண்டபம் வழியாகக் கிருஷ்ணகிரி மாவட்டத்து முகாம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. எனக்கு 11 வயது. அக்கா வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் நின்று ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள். சோதனை முடிய வாறன் என்று சொன்னவள், இயக்கத்துக்குப் போனாள். 1991 ஜூலை 10 அன்று ஆனையிறவு முகாமைச் சுற்றித் தொடங்கிய சமர் ஒரு மாதம் அளவு நடந்தது. விடுதலைப் புலிகள் தரப்பில் 500க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் பெண்கள் நிறையப் பேர். அக்கா அவர்களில் ஒருத்தி. 19 வயது. செய்தி எங்களிடம் வந்துசேர ஐந்து மாதம் ஆயிற்று. பின்னால் படகில் வந்த ஒருவர் ஒரு கடிதத்தையும் சீருடையில் எடுத்த படம் ஒன்றையும் கொண்டுவந்து தந்தார்.

அது எந்தக் காலம் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 1991 மே 21இல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டிருந்தார். 1992 மே 14இல் இந்திய அரசு புலிகள் அமைப்பைத் தடை செய்தது. முகாம்களில் ஆள் கணக்கெடுப்பும் விசாரணையும் இறுகின. அம்மா அந்தப் படத்தை அரிசி டின்னுக்குள் வைத்தாள். மூத்தவள் எங்கே என்று கேட்டவர்களிடம், “அவள் அங்க கலியாணம் முடிச்சிட்டாள்” என்றாள். எனக்கும் அதையே சொல்லப் பழக்கினாள். ஊரில் என்றால் ஒப்பாரி வைத்திருப்பார்கள். நாங்கள் அக்காவுக்குக் கல்யாணம் செய்துவைத்தோம். பள்ளியில் ஒருத்தி துருவித் துருவிக் கேட்டபோது, நானே அவளுக்கு ஒரு பெண் குழந்தையையும் கொடுத்தேன்.

இப்படித் துக்கத்தைப் பொய்யாகச் சொல்லி வளர்ந்த ஒருத்திக்கு, மற்றவர்கள் இதே துக்கத்தை எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆசை வருவது இயல்பு. முதலில் புறநானூற்றுக்குப் போனேன்.

நம் மேடைகளில் போர் பற்றிப் பேச்சு வந்தால் தவறாமல் வருவது 279ஆம் பாட்டு. ஒக்கூர் மாசாத்தியார் பாடியது; துறை மூதின்முல்லை. முந்தைய போரில் ஒருவனையும் நேற்றைய போரில் கணவனையும் இழந்த பெண், இன்று பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி வேல் கொடுத்து அனுப்புகிறாள். இதை வீரத்தாயின் பாட்டு என்று சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். பாட்டின் தொடக்கமோ அவள் துணிவைக் கண்டு பதறுகிறது. அந்தப் பதற்றத்தை மேடைகள் விட்டுவிடும். எழுதியவர் ஒரு பெண் என்பதையும் விட்டுவிடும்.

எல்லோரும் மகனிடம் போய் நிற்கிறார்கள். நான் நிற்பது முதலில் செத்தவனிடம். பாட்டு அவனை ‘தன்னை’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. தன் + ஐ. அது அவளுடைய தமையன் என்று ஒரு சாரார் பொருள் கொள்வார்கள். தந்தை என்று இன்னொரு சாரார். அவன் களத்தில் யானையை வீழ்த்தி மடிந்தான் என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. அண்ணனா அப்பாவா என்று உறுதிப்படாமலே பாட்டு முழுதாக நிற்கிறது. ஏனென்றால் பாட்டுக்கு அவன் தேவைப்படுவது ஒரு படியாகத்தான். அவன், பிறகு கணவன், பிறகு மகன் என்று இழப்பு ஏறிக்கொண்டே போகவேண்டும். உச்சிப்படியில் நிற்கவேண்டியது தாய். அவள் ஒரு காலத்தில் தங்கையாக இருந்தவள் என்பதற்கு அந்த ஏணியில் இடமில்லை.

உடன்பிறந்த பெண்கள் பேசும் புகழ்பெற்ற பாட்டு ஒன்றும் புறநானூற்றில் உண்டு. பாரி மகளிரின் 112ஆம் பாட்டு. அதிலும் அவர்கள் புலம்புவது தந்தையை. மகள்களாகத்தான் அவர்களுக்குக் குரல்.

நேர்மையாகச் சொன்னால், தங்கை அழும் பெரிய கதை ஒன்று தமிழில் இருக்கிறது. கொங்கு நாட்டு அண்ணன்மார் கதை. பொன்னரும் சங்கரும் மடிந்தபின் படுகளத்துக்குத் தேடிப்போகிறவள் தங்கை அருக்காணித் தங்கம்தான். மனைவியரோ தாயோ போகவில்லை. அவள் புலம்பல் செத்தவர்களை எழுப்பும் வல்லமை உள்ளது. உடுக்கடிப் பாடகர்கள் அந்த இடத்துக்கு வரும்போது கூட்டத்தில் பெண்களுக்குச் சாமி வரும். நான் இதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் அந்தத் தங்கைக்கு அண்ணன்மாரோடு எந்த வழக்கும் கிடையாது. ஏன் போனீர்கள் என்று அவள் கேட்பதில்லை. அவள் கன்னியாக இருப்பதும் குற்றமற்று இருப்பதும்தான் அந்த வல்லமையின் ஊற்று. என் போன்றவள், அக்காவுக்குப் பொய்யாகக் கல்யாணம் செய்துவைத்தவள், அந்தப் படுகளத்தில் காலடி வைக்க முடியாது.

உலக இலக்கியத்தில் இந்த இடத்தில் எல்லோரும் சொல்லும் பெயர் அன்டிகனி. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் சோஃபக்ளிஸ் எழுதிய நாடகம். அண்ணன் தம்பி இருவர் எதிரெதிர் அணியில் நின்று ஒருவரையொருவர் கொன்றுவிடுகிறார்கள். ஒருவனுக்கு அரச மரியாதை. மற்றவன் துரோகி, அவன் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்கிறான் அரசன் கிரெயான். தங்கை அன்டிகனி மண் அள்ளிப் போடுகிறாள், அதற்காகச் சாகிறாள். கணவனோ பிள்ளையோ போனால் இன்னொருவர் கிடைக்கக்கூடும், பெற்றோர் இறந்தபின் உடன்பிறந்தவன் மறுபடி கிடைக்கமாட்டான் என்று அவள் ஓர் இடத்தில் வாதிடுகிறாள். ஜெர்மானியக் கவிஞர் கதேவுக்கு அந்தப் பகுதி பிடிக்கவில்லை. பின்னால் யாரோ சேர்த்தது என்று எந்த அறிஞராவது நிரூபித்தால் நல்லது என்று ஆசைப்பட்டார். எனக்கு அந்த வாதம்தான் நாடகத்திலேயே நம்பத்தகுந்த பேச்சு. துக்கத்தில் மனிதர்கள் இப்படித்தான் கூசாமல் கணக்குப் பார்ப்பார்கள்.

அரிசி டின்னுக்குள் படத்தை ஒளித்த வீட்டிலிருந்து வந்தவளுக்கு அன்டிகனி நெருக்கமாக இருக்கவேண்டும். எனக்கு நெருக்கமானவள் அவள் தங்கை இஸ்மீன். நாடகத்தின் முதல் காட்சியில் அன்டிகனி அவளைத் துணைக்குக் கூப்பிடுகிறாள். நாம் பெண்கள், ஆளுகிறவர்களோடு மோத முடியாது என்று இஸ்மீன் மறுக்கிறாள். பிடிபட்டபின் நானும் பங்காளி என்று ஓடிவருகிறாள். உனக்கு இதில் பங்கில்லை என்று அன்டிகனி அவளைத் தள்ளுகிறாள். கிரெயான் அவளை விட்டுவிடுகிறான். அதோடு சரி. நாடகம் அவளை மறந்துவிடுகிறது. சாகப் போகும்போது அன்டிகனி தன்னை அந்த அரச குடும்பத்தின் கடைசி ஆள் என்கிறாள். தங்கை உயிரோடு இருக்கிறாள்! உயிரோடு இருப்பதே அவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. இஸ்மீன் அந்த இரவில் வீட்டில் என்ன செய்தாள், யாரிடம் என்ன பொய் சொன்னாள் என்று இரண்டாயிரத்து நானூறு வருடமாகக் கேட்டவர்கள் குறைவு.

இந்தக் கேள்வியோடுதான் நான் ‘நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்’ ஆவணப்படத்தைப் பார்த்தேன். ஓசூரில் நாங்கள் சில பெண்கள் மாதம் ஒரு ஞாயிறு கூடிப் படிப்போம், படம் பார்ப்போம். யாரோ பென்டிரைவில் கொண்டுவந்தார்கள். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக ஹெலன் குளோடாவ்ஸ்கி எடுத்தது. 2000களின் நடுவில் வந்தது. ராஜினி திராணகமவைப் பற்றிய படம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். சக ஆசிரியர்கள் மூவரோடு சேர்ந்து ‘முறிந்த பனை’யை எழுதியவர். 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுடப்பட்டார். வயது 35. கொன்றது புலிகள் என்பது அவர் குடும்பமும் சக ஆசிரியர்களும் சொல்வது. இன்றுவரை எந்த நீதிமன்றத்திலும் யாரும் தண்டிக்கப்படவில்லை.

ராஜசிங்கம் வீட்டுச் சகோதரிகள் நால்வர். மூத்தவர் நிர்மலா, அடுத்தவர் ராஜினி. நிர்மலா புலிகளின் தொடக்ககால ஆதரவாளர். 1982இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, 1984இல் மட்டக்களப்புச் சிறையிலிருந்து புலிகளால் மீட்கப்பட்டவர். தங்கைக்கு இயக்கத்தோடு உறவு ஏற்பட்டது அக்காவின் வழியாக. பிறகு இருவருமே விலகினார்கள், விமர்சித்தார்கள். அக்கா வெளிநாட்டில் இருந்தார். தங்கை 1986இல் யாழ்ப்பாணம் திரும்பினார், கொல்லப்பட்டார். படத்தின் நடுநாயகக் குரல் நிர்மலாவுடையது.

படத்தின்மீது எனக்கு விமர்சனம் உண்டு. பழைய சம்பவங்களை நடித்துக் காட்டும் பகுதிகளில் ராஜினியாக வருபவர் அவர் மகள் ஷரிகா. தாயின் சாவை மகளின் உடம்பில் பார்ப்பது நெஞ்சை உலுக்குகிறது. அதற்காகவே செய்யப்பட்டது என்பதும் தெரிகிறது. பின்னணிக் குரல் மைக்கேல் ஒண்டாச்சியுடையது. பக்குவமான, சமாதானமான குரல். அந்தச் சமாதானம் ராஜினியின் எழுத்தில் இல்லை. அவர் எழுத்து அவசரத்தில், கோபத்தில், சாட்சி சொல்லும் கட்டாயத்தில் எழுதப்பட்டது.

எல்லாவற்றிலும் பெரியது தலைப்பு பற்றிய விமர்சனம். ‘நோ மோர் டியர்ஸ் சிஸ்டர்’ என்பது ‘முறிந்த பனை’யில் ராஜினி எழுதிய ஓர் அத்தியாயத்தின் தலைப்பு. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப் படைக்கும் புலிகளுக்கும் மூண்ட போரில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் பட்டதைப் பற்றிய அத்தியாயம் அது. அங்கே ‘சகோதரி’ என்பது வன்முறைக்கு ஆளாகி, வெளியே சொல்லவும் முடியாமல் இருந்த முகம் தெரியாத பெண்கள். படம் அதை எடுத்து ஒரு குடும்பத்தின் சகோதரிகள்மேல் வைக்கும்போது அந்த மற்றப் பெண்கள் கொஞ்சம் பின்னால் போய்விடுகிறார்கள். பெண்ணியத்தில் நாம் ‘சகோதரித்துவம்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். தமிழில் உண்மையில் யாரும் யாரையும் சகோதரி என்று கூப்பிடுவதில்லை. அக்கா உண்டு, தங்கச்சி உண்டு. யார் முதலில் பிறந்தது, யார் யாருக்கு வழிகாட்டியது என்ற கணக்கு அந்தச் சொற்களுக்குள்ளேயே இருக்கிறது. நிர்மலா பேசும்போது நான் கேட்டது அந்தக் கணக்கைத்தான். தங்கைக்கு இயக்கத்தின் வாசலைத் திறந்த அக்கா, தங்கை இல்லாத இடத்தில் உட்கார்ந்து பேசுகிறார். தங்கையைப் புகழ்கிறார், தான் ஒரு காலத்தில் நம்பியதையும் மறைக்காமல் சொல்கிறார். இஸ்மீனுக்குக் கிடைக்காத காட்சி இதுதான் என்று தோன்றியது.

ஆனால் என்னால் அந்தப் படத்தை நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. ராஜினியைக் கொன்றதாகப் படம் சொல்லும் அமைப்பில்தான், அவர் இறந்து ஒரு வருடம் கழித்து என் அக்கா சேர்ந்தாள். யாழ்ப்பாணத்தில் இருந்தவளுக்கு அந்தக் கொலை தெரியாமல் இருந்திருக்காது. தெரிந்தே போனாளா? யாரும் அவளிடம் வேறு கதை சொன்னார்களா? பெரியம்மாவின் மகள்களும் போகிறார்கள் என்று போனாளா? விளக்கைப் போட்டதும் மற்றவர்கள் ராஜினியைப் பற்றிப் பேசினார்கள். நான் தேநீர் வைக்கப் போனேன். அந்த அறையில் அக்காவைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவளைப் பற்றி வெட்கப்பட்டதற்காக அதைவிட வெட்கமாக இருந்தது.

இதைப் பற்றி நான் பேசக்கூடியவர் ஒரே ஒருவர். நான் 1998இல் ஓசூரில் ஒரு சிறிய உதிரிப்பாகக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்தபோது பக்கத்து மேசையில் இருந்தவர். பர்கூர்ப் பக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தமிழ்நாட்டில் வயதில் மூத்த பெண்ணை அக்கா என்று கூப்பிடாமல் ஒருநாள்கூடத் தள்ள முடியாது. எனக்கு அந்தச் சொல் வாயில் வரப் பல மாதம் ஆனது. ‘இங்க பாருங்க’ என்றே சமாளித்தேன். திமிர் பிடித்தவள் என்று அவர் நினைத்ததாகப் பின்னால் சொன்னார்.

2002இல் போர்நிறுத்த ஒப்பந்தச் செய்தி வந்தபோது சாப்பாட்டு நேரத்தில் யாரோ அதைப் பற்றிப் பேசினார்கள். அவர் சோற்றைப் பிசைந்தபடியே, “எங்கண்ணன் அங்கதாம்மா செத்துச்சு. பட்டாளத்துல. எண்பத்தேழுல” என்றார். தந்தி வந்ததையும், பிறகு ஒரு டிரங்குப் பெட்டி வந்ததையும் சொன்னார். சீனாவோடும் பாகிஸ்தானோடும் நடந்த போரில் செத்தவர்கள் பெயரை ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். தமிழனைச் சுடப் போய்ச் செத்தவன் என்று யாரும் அண்ணன் பெயரை எடுப்பதில்லை. 1990 மார்ச்சில் அமைதிப் படை திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அது அப்போதைய தமிழ்நாட்டின் மனநிலையும்தான். அந்தப் படையில் சுமார் 1,200 பேர் இலங்கையில் இறந்தார்கள். அவர்களுக்குக் கொழும்பில் நினைவுச்சின்னம் எழுந்தபிறகும், டெல்லியில் தேசியப் போர் நினைவிடம் திறக்க 2019 வரை ஆயிற்று.

அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, பேருந்து நிறுத்தத்தில், என் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “உங்கக்கா சுட்டிருப்பாளா?”

நான் உடனே வருடம் சொன்னேன். உங்கள் அண்ணன் 87, அக்கா போனது 90. நான் சொன்ன வேகம் எனக்கே பிடிக்கவில்லை. மூன்று வருடம் பிந்திப் போனதால் அக்கா நிரபராதி என்பது போல. அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

‘முறிந்த பனை’யின் அந்த அத்தியாயத்தை அவரிடம் காட்டுவதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அதில் குற்றம்சாட்டப்படுவது அவர் அண்ணன் இருந்த படை. காலமும் அதே அக்டோபர். கடைசியில் நான் வாசித்தேன், அவர் கேட்டார். முடிந்ததும் இப்படிச் சொன்னார்: “எங்கண்ணன் அப்படிச் செஞ்சிருக்காதுன்னு எங்கம்மா சூடம் அடிச்சுச் சத்தியம் பண்ணும். நான் பண்ண மாட்டேம்மா. எனக்குத் தெரியாது.”

எத்தனையோ புத்தகம் படித்துத் தேடியதை எனக்கு அந்தப் பேச்சு தெளிவாக்கியது. தாய் சத்தியம் செய்வாள். அவள் பொய் சொல்கிறாள் என்று அர்த்தமில்லை. பெற்றவளுக்கு அவன் வேறு எப்படியும் இருக்க முடியாது. அரசுக்கும் இயக்கத்துக்கும் அந்தச் சத்தியம் தேவை. அதனால்தான் எல்லாப் போர்களும் தாயை முன்வரிசையில் உட்காரவைக்கின்றன. மாவீரர் நாள் மேடையில் மாவீரரின் பெற்றோருக்கு மாலை உண்டு. இந்திய ராணுவத்தில் விதவைக்கு ‘வீர நாரி’ என்று பெயரே உண்டு. உடன்பிறந்தவளை வைத்து அப்படி ஒரு விழா நடத்துவது கடினம். அவளுக்கு ரொம்பத் தெரியும். அவன் திருடித் தின்றது தெரியும், பயந்தது தெரியும், அடித்தது தெரியும். அவள் அவனை மேலிருந்தும் கீழிருந்தும் பார்க்கவில்லை, பக்கத்திலிருந்து பார்த்தவள். அதனால் அவளுடைய துக்கத்தில் எப்போதும் ஒரு வழக்கு கலந்திருக்கிறது. ஏன் போனாய்? யாரைக் கேட்டுப் போனாய்? அங்கே என்ன செய்தாய்?

இந்த வழக்கைத் துரோகம் என்று சொல்லித்தான் நம்மை வாயடைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பேசினால் பயங்கரவாதியின் தங்கை. புலம்பெயர்ந்தவர்கள் மத்தியில் பேசினால் மாவீரரைக் கொச்சைப்படுத்துகிறவள். பர்கூர் அக்காவுக்கு வேறு மாதிரி இரண்டு பக்கம். தாய்மைக்குத் தரும் மரியாதையைப் போர் எதிர்ப்பின் மூலதனமாக வைத்துப் போராடியவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2017 பிப்ரவரியிலிருந்து கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாக்கள் இல்லையென்றால் அந்தப் பெயர்கள் எப்போதோ மறந்திருக்கும். ஆனால் அம்மாக்கள் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். இனி அந்தப் படங்களைக் கையில் பிடிக்கப்போவது தங்கைகளும் தம்பிகளும்தான். எங்களிடம் தாயின் மொழியை எதிர்பார்க்காதீர்கள். எங்களுக்குத் தெரிந்தது வழக்காடும் மொழி. துக்கத்தின் உள்ளேயே நிற்கும் விமர்சனம் அது. ராஜினி புலிகளையும் இந்தியப் படையையும் இலங்கை அரசையும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டதும் அந்த மொழியில்தான்: பக்கத்திலிருந்து பார்த்தவளின் மொழி.

அக்காவுக்கு ஒரு துயிலும் இல்லத்தில் கல் இருந்ததாகப் பெரியம்மா எழுதியிருந்தார். உடல் கிடைக்காதவர்களுக்கு வைக்கும் கல். அதையும் நடுகல் என்றுதான் சொன்னார்கள். அதில் அவளுடைய இயக்கப் பெயர் பெரிதாகவும் அம்மா வைத்த பெயர் சிறிதாகவும் இருந்ததாம். நான் கூப்பிட்ட பெயர் அதில் இருந்திருக்காது. போர் முடிந்தபின் இலங்கை இராணுவம் துயிலும் இல்லங்களை இடித்தது. வேடியப்பன் 1,400 வருடம் நிற்கிறான். அக்காவின் கல் இருபது வருடம்கூட நிற்கவில்லை. இடித்ததை நான் மன்னிக்கவில்லை. அந்தக் கல் நின்றிருந்தாலும் என் வழக்கு தீர்ந்திருக்காது என்பதையும் சொல்லவேண்டும்.

எங்கள் முகாமின் பெயர்ப்பலகையில் 2021க்குப் பிறகு ‘அகதிகள்’ என்ற சொல் போய் ‘மறுவாழ்வு’ வந்திருக்கிறது. அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அதனால் அக்காவின் பெயரை இங்கே எழுதவில்லை. சென்ற மாதம் போனபோது அம்மாவிடம் முதன்முறையாகக் கேட்டேன், அக்கா போனது சரியா என்று. அம்மா, “அவள் நல்ல பிள்ளை” என்றாள். அது தாயின் பதில். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

அக்காவிடம் கேட்க உரிமை உண்டு. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே சைக்கிள். யாழ்ப்பாணம் போனபோது அதை அவள் கொண்டுபோனாள். நான் அழுதேன். வரும்போது கொண்டுவந்து தாறன், அது உனக்குத்தான் என்றாள். அவளுக்கு இப்போதும் 19 வயது. எனக்கு 46. நான் அவளுக்கு அக்காவாகி ரொம்ப வருடம் ஆகிவிட்டது. மூத்தவளாக நின்று சொல்கிறேன்: நீ போயிருக்கக்கூடாது. சைக்கிளைக் கொண்டுவந்திருக்க வேண்டும்.